போர்டு ஆசிட்டுல இருக்குது

வாங்க தம்பி, உள்ள வாங்க. தாராபுரத்துல இருந்துதான வர்றீங்க? ராஜாமணி காத்தாலயே போன் பண்ணிச் சொல்லிப்போட்டாங்க, லோடு ஆட்டோக்காரர் வருவாரு, அக்காவோட நாற்காலிய ஏத்தி விட்டுருங்கன்னு. வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க? சந்துக்குள்ள வராதுங்களே. அந்தப் பச்சை கேட்டு முன்னாலயா? பரவால்லை, நிக்கட்டும். அந்த ஊட்டுல இப்ப யாரும் கிடையாது. வண்டிய எடுன்னு ஒருத்தரும் வந்து கேக்க மாட்டாங்க.

செருப்போடயே வாங்க. கீழ இருக்கற பழுப்பெல்லாம் காஞ்ச கறை, கால்ல ஒட்டாது. உக்காருங்க. அதுல வேண்டாம் தம்பி, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அதுதான் மரகதத்தோட சக்கர நாற்காலி. அதைத்தான நீங்க எடுத்துட்டுப் போக வந்தது.

அவசரப்படாதீங்க. ஒரு சித்த நேரம். இதோ என்ற கையில இருக்கற கரண்டு போர்டைப் பாருங்க. இதுல இருக்கற சாமானுக்கெல்லாம் இன்னும் கொஞ்சம் காலுதான் ஈயம் உருக்கிப் பத்த வெக்கணும். பத்த வெச்சு, நாற்காலிக்குள்ள மாட்டி, ஓட்டிக் காட்டித்தான் உங்ககிட்டக் குடுப்பேன். போர்டு இல்லாம அந்த நாற்காலிய வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணப் போறா? நீங்களே சொல்லுங்க. என்ஜின் இல்லாத லாரிய உங்களுக்குக் குடுத்தா ஓட்டுவீங்களா? ராஜாமணிகிட்டயும் இதைத்தான் கேட்டேன். ஆளு வருவாரு, ஏத்தி விடுங்க மச்சான்னு சொல்லிப்போட்டுப் போனை வெச்சுட்டாங்க. என்ற கொழுந்தியா எப்பவுமே அப்படித்தான், அரை வார்த்தை பேசுவா, மீதிய நாமளா முழுங்கிக்கணும்.

ஃபேனா? போட வேண்டாங்க. கொஞ்சம் வேர்க்கும், பொறுத்துக்கங்க. இந்த ஊட்டுல நான் ஃபேன் போடறதில்லை. ஏன்னு சொல்றேன்.

இந்தப் போர்டு எப்படிச் செய்யறதுன்னு தெரியுங்களா உங்களுக்கு? கடையில வாங்கறதுன்னு நினைக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. இது நானே செஞ்சது. அந்தா மூலையில நிக்குது பாருங்க, லேசர் மிஷின். தொழிலுக்கு வாங்குனது. வாசல்ல மாட்டற பேர் பலகை, பள்ளிக்கூடத்து ஷீல்டு, அக்ரிலிக்குல சாவிக்கொத்து, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேர் வெட்டிக் குடுக்கறது, இதெல்லாம் என்ற தொழில். அதுக்கு முன்னால பம்ப்செட் கம்பெனியில பேனல் செக்‌ஷன்ல இருந்தேன். கரண்டு விசயம்னா நாச்சிமுத்துதான். அந்தக் கம்பெனியில யாரை வேணாலும் போய்க் கேளுங்க.

மரகதம் என்ற ஊட்டுக்காரி. அவளைப் பாத்திருப்பீங்களே? பாக்கலையா? சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் போச்சு. நான் அவளைக் கட்டறப்ப ஊருக்குள்ள என்னென்ன பேசுனாங்கன்னு நினைக்கறீங்க. நாச்சிமுத்துக்கு வேற பொண்ணே கிடைக்கலையான்னாங்க. கல்யாணத்துக்கு வந்த ஒரம்பரை சொந்தபந்தத்துல பாதிப் பேரு பொண்ணு மொகத்தைப் பாக்கலை, காலைத்தான் பாத்தாங்க. நான் யாருக்கும் பதில் சொல்லலை. நான் ரோசக்காரன் தம்பி. வாயில சொல்ல மாட்டேன், செஞ்சு காட்டுவேன்.

ஊட்டுக்குள்ள கையை ஊணி நகந்துக்குவா. வெளிய போகணும்னா நான் தூக்கி ஸ்கூட்டர்ல உக்கார வெக்கணும். அப்படியே வருசம் ஓடிப்போச்சு. அப்புறம்தான் இந்த நாற்காலி கிடைச்சுது. ஒரு டாக்டரோட அப்பா வெச்சிருந்தது, பெரியவர் தவறிட்டாரு, சும்மா கிடக்குதுன்னாங்க. வெளிநாட்டுச் சாமான். கைப்பிடியில ஒரு குச்சி இருக்குது பாருங்க, அதை முன்னால தள்ளுனா முன்னால போகும், பக்கத்துல சாச்சா திரும்பும். முதுகுப் பக்கத்து மெத்தைய அவ முதுகுக்குத் தோதா நான்தான் வெட்டித் தெச்சுக் குடுத்தேன். முதுகு கொஞ்சம் கோணல் அவளுக்கு, சாதா நாற்காலியில ரொம்ப நேரம் உக்கார முடியாது.

முத நாள் அதுல ஏறி உக்காந்து, வாசல் வரைக்கும் தானா ஓட்டிட்டுப் போனா. போயி, திரும்பி என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா. "மாமா, இனி என்னை யாரும் தூக்க வேண்டாம், தள்ள வேண்டாம். நானாப் போவேன்." கண்ணுல தண்ணி அவளுக்கு. எனக்குந்தான். அந்த வார்த்தைய நான் மறக்கலை தம்பி. சொன்ன அவதான் மறந்துபோட்டா.

சொல்றேன், சொல்றேன். இந்தக் கம்பியச் சித்த பிடிங்க. சூடு படாது, நுனியில பிடிங்க.

அதுக்கப்புறம் அவளை ஊட்டுல பாக்க முடியாது. மத்தியானச் சோறு ஆனதும் கிளம்பிருவா. கீரைக்காரிகிட்டப் பேரம் பேசறதுக்குன்னே மார்க்கெட்டுக்குப் போவா. பொறகு பத்மாவதி ஊடு. பத்மாவதின்னா இந்தச் சந்து முனையில தையல் மிஷின் போட்டிருந்த அம்மா. அவங்க ஜாக்கெட் தெப்பாங்க, இவ கொக்கி கட்டுவா, ஹெம்மிங் பண்ணுவா. ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசுவாங்களோ, அவங்க சிரிக்கறது இங்க வரைக்கும் கேக்கும். எனக்கு ஒரே எரிச்சலா இருக்கும், சொல்லப்போனா. ஆனா நான் ஒண்ணும் சொன்னதில்லை. தானாப் போறா, தானா வர்றா, எனக்கு அது பெருமைதான்.

ஐப்பசியில ஒரு மழை. மார்க்கெட்டுல இருந்து வர்றப்ப நடு ரோட்டுல நாற்காலி நின்னுபோச்சு. தண்ணி உள்ள பூந்து போர்டு எரிஞ்சு போச்சு. எனக்கு அது தெரியாது, நான் மிஷின்ல ஷீல்டு வெட்டிக்கிட்டு இருக்கேன். வெளிய சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா, அந்தப் பத்மாவதி நாற்காலியத் தள்ளிக்கிட்டு வருது. ரெண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைஞ்சு, கீரைக்கட்டு மடியில, தெருவே பாக்குது, இதுக ரெண்டும் சிரிச்சுக்கிட்டு வருதுங்க. சின்னப் புள்ளைங்க மாதிரி.

எனக்கு நெஞ்சு வெந்துபோச்சு தம்பி. இந்த நாற்காலிக்கு அடியில, பின் சக்கரத்துக்குப் பக்கத்துல, ரெண்டு சிவப்பு லிவர் இருக்குது. அதைத் தூக்கி விட்டா மோட்டார் கழண்டுக்கும், சக்கரம் சும்மா உருளும். ஒர்க்‌ஷாப்புல வெச்சு வேலை பாக்கறதுக்காகக் குடுத்திருக்கான் கம்பெனிக்காரன். அதை அந்தம்மா எப்படியோ கண்டுபிடிச்சு, தூக்கி விட்டு, தள்ளிக்கிட்டு வந்துபோட்டாங்க. நான் நேராவே கேட்டுப்போட்டேன். "ஏனுங்க, என்ற பொண்டாட்டி என்ன காய்கறி வண்டியா? நாலு பேரு பாக்கத் தள்ளிட்டு வர்றீங்க? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?" அந்தம்மா சிரிப்பை நிறுத்திப்போட்டாங்க. "மழை பெய்யுதுங்கண்ணா, அதுதான்" அப்படின்னாங்க. இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொன்னேன். நான் தப்பாச் சொல்லலை. மரியாதையாத்தான் சொன்னேன்.

இந்த மாதிரி நாற்காலி விக்கற கடைக்காரன், அந்த மாடலே நின்னு போச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னான். நான் எதுக்கு வாங்கணும்? எனக்குக் கை இல்லையா? நானே போர்டு செய்யறேன்னு மரகதத்துகிட்டச் சொன்னேன். அவ, "எத்தனை நாளாகும் மாமா?"ன்னு கேட்டா. இதோ ஆச்சுன்னு சொன்னேன்.

கேளுங்க, இதுல ஒரு நுணுக்கம் இருக்குது. போர்டுன்னா ஒரு பக்கம் முழுக்கச் செம்புத் தகடு. வேண்டாத செம்பை எடுத்துப்போட்டா, மீதி நிக்கற கோடுகள்ல கரண்டு போகும். அவ்வளவுதான் போர்டு. ஆனா என்ற லேசர் செம்பை வெட்டாது. எவ்வளவு சூடு வெச்சாலும் செம்பு அதைத் திருப்பி அனுப்பிப்போடும். அதனால என்ன பண்ணணும்? செம்பு மேல கறுப்புப் பெயிண்ட் அடிக்கணும். லேசர் பெயிண்ட்டை மட்டும் எரிக்கும். எரிச்ச எடத்துல செம்பு வெளிய தெரியும். பொறகு ஆசிட்டுல போட்டா, தெரியற செம்பு கரைஞ்சுரும், பெயிண்ட்டுக்கு அடியில இருக்கற செம்பு தப்பிச்சுக்கும். ஆசிட்டுன்னா மூஞ்சியில ஊத்தற ஆசிட்டு இல்லை, பயப்படாதீங்க, டீத்தண்ணி நிறத்துல இருக்கும். கையில பட்டா கறை, துணியில பட்டா கறை. மரகதத்தோட பிளாஸ்டிக் மாவுக் கிண்ணத்தைத்தான் அதுக்கு எடுத்தேன். புதுசு வாங்கிக் குடுத்தர்றேன்னு சொல்லியிருந்தேன். இன்னும் வாங்கலை.

இந்தப் பெயிண்ட் காயற வரைக்கும் ஒரு பொட்டுத் தூசி விழக்கூடாது. விழுந்தா அந்த எடத்துல ஓட்டை, ஓட்டை வழியா ஆசிட் போயிரும். அதுக்குத்தான் ஜன்னலைச் சாத்தறது, ஃபேனை நிறுத்தறது. ஊடே சின்ன ஊடு, அவ உள் ரூம்புல இருப்பா, ஃபேன் போட்டா காத்து இந்தப் பக்கந்தான் வரும். அவளும் பாவம், ஒண்ணும் சொல்ல மாட்டா. விசிறியெல்லாம் கூட வேண்டாம்னு சொல்லியிருந்தேன், தூசி கிளம்பும்னு. வேர்த்துக் கொட்டும் அவளுக்கு. அவளுக்காகத்தான செய்யறோம், பொறுத்துக்கணுமல்ல?

முதப் போர்டு போனது யாருனாலன்னு நினைக்கறீங்க? லேசர் எரிச்சு முடிச்சதும் மெல்லிசா ஒரு புகைப் படலம் செம்பு மேல நிக்கும். கண்ணுக்கே தெரியாது. ஸ்பிரிட் தொட்டு ஒத்தித் துடைச்சுப்போட்டுத்தான் ஆசிட்டுல போடணும். இல்லைன்னா அங்கங்க முடி மாதிரி செம்பு மிஞ்சிக்கும், ஒரு கோடும் பக்கத்துக் கோடும் ஒட்டிக்கும். நான் பஞ்சைக் கையில எடுத்தேன், அந்த நேரம் பாத்து அவ கூப்புடறா. பாத்ரூம் போகணுமாம், அங்க ஈரத் தரை, கையை ஊணுனா வழுக்கும். முன்னல்லாம் நாற்காலியிலயே போயிக்குவா, இப்ப நான்தான போகணும். போயித் தூக்கி, கொண்டு போயி, திரும்பக் கொண்டு வந்து விட்டுப்போட்டு வந்தனா, பஞ்சு மறந்துபோச்சு. அப்படியே ஆசிட்டுல போட்டுட்டேன். கரண்டு குடுத்ததும் டப்புன்னு ஒரு சத்தம், எல்லாம் போச்சு. அவ உள்ள இருந்து, "என்னங்க ஆச்சு?"ங்கறா. கோவம். சாயங்காலம் வரைக்கும் பேசலை.

ரெண்டாவது போர்டு ஓடுச்சு தம்பி. இதை நீங்க ராஜாமணிகிட்டச் சொல்லணும். ஓடலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்களாமே. ஓடுச்சு. மார்கழியில ஒரு நாள் காத்தால, அவளைத் தூக்கி உக்கார வெச்சு, "குச்சியத் தள்ளு"ன்னேன். தள்ளுனா. நாற்காலி சும்மா கிண்ணுன்னு கிளம்புச்சு பாருங்க. இந்த ரூம்பு தாண்டி, நடை தாண்டி, வாசல் தாண்டி... நான் கத்துறேன், ஓடுது ஓடுதுன்னு. குச்சிய விட்டாலும் நிக்கலை, அது ஒரு சின்னக் கோளாறு. நேராப் போயி கேட்டுத் தூண்ல முட்டித்தான் நின்னுது. கால் பலகை மடங்கி, அவ கட்டைவிரல் நசுங்கி ரத்தம். போலியோ வந்த காலுன்னா வலிக்காதுன்னு நினைச்சுக்காதீங்க, வலிக்கும், நல்லாவே வலிக்கும். நகம் போயிருச்சு. அது வேற விசயம். நான் சொல்ல வந்தது, ஓடுச்சு.

அன்னைக்குத்தான் அவ முத முதல்ல கேட்டா. காலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன், மெதுவா கேக்கறா. "மாமா, அந்தச் சிவப்பு லிவரைத் தூக்கி விட்டுட்டு, என்னைச் சும்மா பத்மா ஊடு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போய் விடறீங்களா? பொழுதோட வந்து கூட்டிக்குங்க." நான் அவளைப் பாத்தேன். "என்ன அம்மிணி பேசற? தள்ள வேண்டாம், தூக்க வேண்டாம்னு சொன்னவ நீதான? நாலு பேரு பாக்க உன்னைத் தள்ளிட்டுப் போனா எனக்கு என்ன மரியாதை?" உனக்கு என்ன மரியாதைன்னு கேக்க வந்தேன். வாய் குழறி அப்படி வந்துபோச்சு. கோளாறு இல்லாம இன்னொரு போர்டு முடியட்டும், நீ ராணி மாதிரி போலாம்னு சொன்னேன். சரின்னா.

அப்புறமும் கேட்டா. தைப்பொங்கலுக்குக் கேட்டா. கீரைக்காரி இந்தப் பக்கம் கத்திக்கிட்டுப் போறப்ப ஒரு தடவை கேட்டா. வாசல் வரைக்குமாவதுன்னா. அப்புறம் கேக்கறதை விட்டுப்போட்டா. நான் சந்தோசப்பட்டேன், புரிஞ்சுக்கிட்டான்னு.

தம்பி, மணியப் பாக்காதீங்க. முடிஞ்சுது, இந்த ஒரு வரிசைதான்.

பத்மாவதி தவறுனது தை கடைசியில. நல்லாத்தான் இருந்தாங்க, முந்தின நாள் ராத்திரி மிஷின்ல உக்காந்தபடிக்கே சாஞ்சுட்டாங்களாம். பக்கத்து ஊட்டு அம்மா வந்து வாசல்ல நின்னு சொன்னாங்க. மரகதம் ஒரு சத்தம் போட்டா பாருங்க, அந்த மாதிரிச் சத்தம் அவகிட்ட இருந்து நான் கேட்டதே இல்லை. அப்புறம் அழுகல்லாம் இல்லை. தலையச் சீவிக்கிட்டா. சேலை மாத்திக்கிட்டா. கையை ஊணி நகந்து இந்த ரூம்புக்கு வந்து, நான் இருக்கற எடத்துல வந்து, என்ற காலைத் தொட்டுக் கேட்டா. "மாமா, என்னைக் கொண்டு போய் விடுங்க. ஒரு தடவை மொகத்தைப் பாத்துட்டு வந்தர்றேன்."

நான் முடியாதுன்னு சொல்லலை தம்பி. இதை எல்லாரும் தப்பாப் பேசறாங்க. மூணாவது போர்டு அப்பத்தான் ஆசிட்டுல போட்டிருக்கேன். விட்டுட்டுப் போனா அரிச்சுத் தின்னுபோடும், கோடெல்லாம் போயிரும், பொறகு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு மணி நேரம் பொறு அம்மிணி, போர்டு ஆசிட்டுல இருக்குது, எடுத்துக் கழுவி, மாட்டி, நீயே ஓட்டிக்கிட்டுப் போ, உன்ற சிநேகிதி ஊட்டுக்கு நீயே போனாத்தான உனக்குப் பெருமைன்னேன். "பெருமையெல்லாம் வேண்டாம் மாமா, தள்ளி விடுங்க போதும்"ன்னா. பொறுன்னேன். அவ அங்கயே, அந்தா அந்த மிஷின் காலுக்குப் பக்கத்துல, தரையில உக்காந்துக்கிட்டா. கிண்ணத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நானும் கிண்ணத்தை ஆட்டிக்கிட்டே இருந்தேன். அதை ஆட்டிக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் ஒரே மாதிரி கரையும்.

கழுவி எடுத்தா அருமையா வந்திருக்குது. ஒரு கோடு விடாம, ஒட்டாம, அவ்வளவு சுத்தம். ஓட்டை போட்டு, சாமான் மாட்ட உக்காந்தேன். ஐ.சி.ங்கற சிப்பு உக்காரலை. திருப்பி வெச்சேன், உக்காந்துது, ஆனா காலெல்லாம் தப்பு. அப்பத்தான் தெரிஞ்சுது. கோடு வரைஞ்ச படத்தைக் கண்ணாடியில பாக்கற மாதிரித் திருப்பிப் போட்டு எரிக்கணும், நான் நேராப் போட்டு எரிச்சிருக்கேன். கம்பெனியில நாங்க படத்தைப் பேப்பர்ல அடிச்சு, இஸ்திரிப் பெட்டி வெச்சுத் தேச்சு ஒட்டற முறையில செய்வோம். அதுல பேப்பரைக் கவுத்து ஒட்டறதுனால தானாத் திரும்பிக்கும். லேசர்ல நாமதான் திருப்பணும். முதல் ரெண்டு போர்டுக்கும் திருப்புனேன், இதுல மறந்துபோச்சு, பழைய கைப்பழக்கம். யாருக்கு வேணாலும் வரும்.

வெளிய மேளச் சத்தம் கேட்டுது. அவ தலைய நிமித்திப் பாத்தா. நான் போர்டைக் கையில வெச்சுக்கிட்டு, "திருப்பிப் போட மறந்துட்டேன் அம்மிணி"ன்னேன். "அவங்களை எடுத்துட்டாங்க மாமா"ன்னா. சத்தம் தேஞ்சு தேஞ்சு போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தோம். அப்புறம் அவ உள்ள நகந்து போயிட்டா.

அதுக்கு மேல என்ன இருக்குது சொல்றதுக்கு. மாசி நோம்பிக்கு ராஜாமணி மகனோட வந்தாங்க. வந்து ஊட்டைப் பாத்தாங்க, சாத்துன ஜன்னலைப் பாத்தாங்க, அக்கா காலைப் பாத்தாங்க. அன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன்னுட்டாங்க. அந்தப் பையன் அவளைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கிட்டான். தூக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை அவ. வாசல்ல வெச்சு என்னைப் பாத்து, "சோறு தண்ணி பாத்துக்குங்க மாமா. ஃபேன் போட்டுக்குங்க"ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாலும் பரவால்லைங்க. கோவமே இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியலை. ராத்திரி பகல் எதுவும் பிடிக்கலை தம்பி. போன் பண்ணுனா எடுக்கறா, சாப்ட்டீங்களாங்கறா. போர்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறா. எந்த நிலையில இருக்குதுன்னாவது கேக்கலாமல்ல?

ஆச்சு, முடிஞ்சுது. இதுல எல்லாம் பாத்திருக்கேன். துடைச்சேன், திருப்பிப் போட்டேன், தூசி இல்லை. நகருங்க, மாட்டறேன். இந்த வயரு இங்க. இது இங்க. இப்ப சுவிட்சைப் போடறேன் பாருங்க, பச்சை லைட்டு வரும்.

வந்துச்சா? வந்துச்சே. பாத்தீங்கல்ல? இருங்க, போயிருச்சு. வந்துச்சு தம்பி, நீங்க பாத்தீங்க, பாக்கலைன்னு சொல்லாதீங்க. மறுபடி போடறேன். பாட்டரி சார்ஜ் இல்லாம இருக்கும். இல்லை... பாட்டரி நல்லாத்தான் இருக்குது. கருகுன வாசம் அடிக்குதா உங்களுக்கு? எனக்கும் அடிக்குது.

இன்னைக்கு ஒரு நாள் விட்டுட்டுப் போங்களேன். நாளைக்கு வாங்க. இன்னொண்ணு செஞ்சு வெக்கறேன், பெயிண்ட் அடிச்ச தகடு தயாரா இருக்குது. முடியாதா. சரி, லோடு இருக்கும் உங்களுக்கு.

ஏனுங்க, அதை எதுக்குத் தொடறீங்க? அந்த லிவரைத் தூக்காதீங்க. யார் சொன்னா உங்களுக்கு? ராஜாமணியா? மரகதமா? மரகதமே சொன்னாளா? என்ன சொன்னா, அப்படியே சொல்லுங்க. "சிவப்பு லிவர் ரெண்டையும் தூக்கி விட்டாப் போதும், போர்டு வேண்டாம், எங்கூட்டுக்காரரு போர்டு குடுத்தா அவர்கிட்டயே குடுத்துருங்க." அப்படியா சொன்னா? அங்க எப்படிப் போறா வர்றா? ராஜாமணி மருமக தள்ளிக்கிட்டுப் போகுதா? தினமுமா? கோயிலுக்கா? யாரோ குடுத்த சாதா நாற்காலியில உக்காந்து முதுகு வலிக்குதாமா? ஆமா, வலிக்கும். அவளுக்கு வலிக்கும். இந்த மெத்தைதான் அவளுக்குத் தோது, நான்தான் தெச்சுக் குடுத்தேன். அதுக்குத்தானா நாற்காலிய எடுத்துட்டு வரச் சொன்னா. மெத்தைக்கா.

சரிங்க. தள்ளுங்க. பாத்துத் தள்ளுங்க, வாசப்படியில பலகை போட்டிருக்கேன்.

என்னங்க, ஒத்தைக் கையில தள்ளுறீங்க?

நில்லுங்க தம்பி. ஒரு நிமிசம். நான் தள்ளுறேன். வண்டி வரைக்கும் நான் தள்ளிக்கிட்டு வர்றேன், நீங்க முன்னால நடங்க. நான் இதைத் தள்ளுனதே இல்லைங்க. கைப்பிடி இந்தப் பக்கமா... அட. இவ்வளவு லேசாவா போகும்? ஆள் இல்லைன்னு லேசா இருக்குது. அவ உக்காந்தா கனமா இருக்கும்ல. அவ எங்க கனம். தூக்குனவனுக்குத் தெரியாதா, அவளுக்கு ஒரு கனமும் கிடையாது.

பாருங்க, எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க. பாக்கட்டும். பாத்துட்டு உள்ள போறாங்க பாருங்க, அவங்கவங்க வேலையப் பாத்துக்கிட்டு. அவ்வளவுதானா?

ஏனுங்க நிறுத்திட்டீங்க? இதுவா உங்க வண்டி? ஆமா, பச்சை கேட்டு. பத்மாவதி ஊடுதான். உள்ள மிஷின் அப்படியே மூடிக் கிடக்குது பாருங்க.

நம்ம ஊட்டுக் கதவைக் கூட இன்னும் சாத்தலை, இங்க இருந்து தெரியுது. அதுக்குள்ளயா தம்பி வந்துட்டோம்?